கைப்பின்னல் டீச்சர்களுக்குத் திருப்பூர்: ஒரு சனி, ஞாயிறுக்கான முழு வழிகாட்டி

ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னச் சொல்லித் தருகிறவர்களிடம் வெளியூர் போகலாமா என்று கேட்டால் ஊட்டி, குன்னூர், சிம்லா என்றுதான் பதில் வரும். குளிர் இருக்கிற இடத்தில்தானே கம்பளி இருக்கும். நான் சிபாரிசு செய்வது திருப்பூரை. அங்கே வெயில் கொளுத்தும், கம்பளி கண்ணில் படாது, இரண்டு ஊசியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் கிடைக்க மாட்டார். ஆனால் நிட் (முன்பக்கக் கண்ணி), பர்ல் (பின்பக்கக் கண்ணி), ரிப் (இரண்டும் மாறி மாறி) என்று நாம் வகுப்பில் ஒரு மாதம் இழுத்துச் சொல்லித் தருகிற அத்தனையும் அந்த ஊரில் இரவும் பகலும் டன் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாம் ஊசியில் போடும் கண்ணியும், அதாவது நூல் வளையமும், பனியனில் இருக்கும் கண்ணியும் ஒரே கண்ணிதான். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரும் டீச்சருக்கு எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் அது எப்படிப் பின்னப்பட்டது என்று படிக்க வரும்.

மலிவாக டீ-ஷர்ட் வாங்குவதும் உண்டு, அது கடைசியில். போகிற காரணம் அதுவாக இருந்தால் இந்த வழிகாட்டி தேவைப்படாது.

நாள் குறிப்பது

பெரும்பாலான பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறு விடுமுறை. ஆகவே உங்கள் வார இறுதியின் கனமெல்லாம் சனிக்கிழமை பகலில்தான். வாரச் சம்பளம் கொடுக்கும் வழக்கத்தால் சனிக்கிழமை மாலை ஊரே கடைத்தெருவில் இருக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் ஆறு மணிக்குள் கடை வேலையை முடித்துக்கொள்வது நல்லது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களைத் தவிருங்கள். அப்போது யாருக்கும் உங்களிடம் பேச நேரமிருக்காது, அதில் குறை சொல்லவும் முடியாது. கோடையில் மெஷின் கூடத்துக்குள் நிற்பது கஷ்டம். ஆடி மாதக் காற்றிலோ, பொங்கல் கழிந்த பிறகோ போகலாம்.

சென்னையிலிருந்து வெள்ளி இரவு சேரன் அல்லது நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும் முன் திருப்பூர். தூக்கத்தில் கோவை போய்ச் சேர்ந்துவிடாமல் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை, திருச்சிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்தே வசதி. தங்குவதற்கு ரயில் நிலையத்தைச் சுற்றியே லாட்ஜுகள் இருக்கின்றன. பனியன் கடைத்தெருவான காதர்பேட்டை நடக்கிற தூரம் என்பதால் அந்தப் பக்கமே அறை எடுங்கள். துணி மூட்டையோடு ஆட்டோ தேட வேண்டியிருக்காது.

ஒரு யூனிட்டுக்குள் நுழைவது எப்படி

மொத்தப் பயணமும் இதில்தான் நிற்கிறது. இரண்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

பெரிய ஏற்றுமதி கம்பெனிகளைக் குறிவைக்க வேண்டாம். வெளிநாட்டு வாங்குபவர்களின் டிசைன் அங்கே தைக்கப்படுகிறது. ஆடிட், பாதுகாப்பு, அனுமதிச் சீட்டு என்று பல கதவுகள். உங்களைத் திருப்பி அனுப்பினால் அது மரியாதைக் குறைவு அல்ல, அவர்கள் நிலைமை அப்படி. நீங்கள் தேட வேண்டியது கூலிக்குத் துணி ஓட்டித் தரும் நிட்டிங் யூனிட்டுகளை. ஒரு கட்டடம், உள்ளே ஆறோ பத்தோ மெஷின், முதலாளியே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். திருப்பூரில் இப்படிப்பட்டவை ஏராளம், ஆள் தெரிந்தால் கதவும் திறக்கும்.

ஆள் தெரிவது எப்படி? உங்கள் மாணவிகளைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பத்துப் பேர் கூடினால் அதில் ஒருவருக்காவது திருப்பூரில் சித்தப்பாவோ மச்சானோ இருப்பார். யாரும் அகப்படவில்லையென்றால், முதலிபாளையத்தில் பின்னலாடைக்கென்றே இருக்கும் நிஃப்ட்-டீ கல்லூரிக்குக் கடிதம் எழுதிப் பாருங்கள். டீச்சர் டீச்சருக்கு எழுதும்போது பதில் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

போனில் என்ன சொல்வது என்பதும் முக்கியம். "விசிட் பண்ணணும்" என்றால் ஆர்டர் கொடுக்க வருகிற பார்ட்டி என்றோ, அதிகாரி என்றோ நினைத்துவிடுவார்கள். நேராகவே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, நான் கையில ஸ்வெட்டர் பின்றதுக்குச் சொல்லித் தர்ற டீச்சர். வியாபாரம் எதுவும் இல்லீங்க. மெஷின் ஓடறதை ஒரு அரை மணி நேரம் நின்னு பாத்தாப் போதும். போட்டோ எடுக்க மாட்டேன்." கடைசி வாக்கியத்தைச் சேர்த்ததும் குரல் இளகுவதைக் கேட்கலாம். பத்தரை மணிவாக்கில் வரச் சொல்வார்கள். பதினோரு மணி டீ நேரம் உங்களுக்கு மிகவும் உதவும்.

சிறு அன்பளிப்பு கொண்டுபோனால் அழகு. காசு வேண்டாம். கையால் பின்னிய குழந்தைக் குல்லா இரண்டு போதும். திருப்பூர் வெயிலுக்குக் குல்லாவா என்று யோசிக்காதீர்கள். கைக்குழந்தை உள்ள வீடு ஒன்றாவது அந்தக் கட்டடத்தில் இருக்கும்.

பையில் என்ன

நூல் எண்ணும் பூதக்கண்ணாடி (துணிக்கடைக்காரர்கள் மடித்து வைத்திருக்கும் அந்தச் சிறிய சதுர லென்ஸ்), இஞ்சு டேப், நகை எடை போடும் மாதிரியான சிறிய எலக்ட்ரானிக் தராசு, கத்தரி, ஸ்டேப்ளர், காகித உறைகள், பேனா. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் பெரிய துணிப்பை ஒன்று. பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகக்கவசம் கட்டாயம்.

இவற்றோடு பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்றை ஊசியோடு எடுத்துப் போங்கள். விசிட்டிங் கார்டை விட வேகமாக வேலை செய்யும். டீ நேரத்தில் அதை எடுத்து இரண்டு வரி பின்னுங்கள், மெஷின் ஆப்பரேட்டர்கள் சுற்றி வந்துவிடுவார்கள். "ஏனுங்க மேடம், ரெண்டே ஊசியிலயா?" என்று கேட்டுவிட்டு, அதுவரை உங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவர் மெஷின் கதவைத் திறந்து ஊசியைக் காட்டத் தொடங்குவார். தொழில் தெரிந்தவர்கள் தொழில் தெரிந்தவர்களிடம் காட்டும் தாராளம் அது.

உடை பற்றி ஒரு கண்டிப்பு. சுழலும் மெஷின் பக்கத்தில் பறக்கும் முந்தானை, துப்பட்டா, விரித்த கூந்தல் எதுவும் ஆகாது. சுடிதார் போட்டால் துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிடுங்கள். புடவையென்றால் முந்தானையைச் செருகி, பின் குத்திக்கொள்ளுங்கள். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும், தரையில் எண்ணெய் இருக்கும்.

சனி காலை: வட்ட மெஷின் முன்னால்

முதல் ஐந்து நிமிடம் எதுவும் புரியாது. சத்தம், மேலே குடை விரித்தது போல நிற்கும் நூல் கோன்கள், நடுவே ஏதோ சுழல்கிறது, கீழே குழாய் மாதிரி துணி இறங்கிச் சுருளாகிறது. பதற வேண்டாம். இது ராட்சத அளவில் ஒரு வட்ட ஊசி, அவ்வளவுதான். நாம் குல்லாவைச் சுற்றிச் சுற்றிப் பின்னுவதைத்தான் இதுவும் செய்கிறது.

ஆப்பரேட்டரிடம் மூன்று எண்களைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்: விட்டம் எத்தனை இஞ்சு, கேஜ் எவ்வளவு, ஃபீடர் எத்தனை. உதாரணமாக 30 இஞ்சு, 24 கேஜ், 90 ஃபீடர். கேஜ் என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசி என்பது. 30ஐ 3.14ஆல் பெருக்கி, 24ஆல் பெருக்கினால் சுற்றளவில் சுமார் 2,260 ஊசிகள். ஒவ்வொரு ஃபீடரும் ஒரு நூலைக் கொடுத்து ஒரு முழு வரி பின்னுகிறது. அதாவது ஊசிகள் நிற்கும் சிலிண்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் 90 வரி. கண்ணிக் கணக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

இதை நம் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரி என்று பின்னினால், ஒரு சதுர மீட்டர் துணிக்கு 66,000 கண்ணி. பெரியவர்கள் ஸ்வெட்டர் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு துணி வேண்டும். மூன்று ஸ்வெட்டருக்கான கண்ணிகளை இந்த மெஷின் ஒரே சுற்றில் போட்டுவிடுகிறது. நிமிடத்துக்கு 25 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டரை நொடிகூட ஆகாது. கண்ணி பொடிசு, உண்மைதான். இருந்தாலும் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் வகுப்பில் சத்தம் அடங்கும்.

அடுத்து, ஊசியைக் கேளுங்கள். உடைந்தோ தேய்ந்தோ கழற்றிப் போட்டது ஒன்று நிச்சயம் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நுனியில் குரோஷா மாதிரி கொக்கி, அதன் மேல் மூடித் திறக்கும் ஒரு சின்ன நாக்கு. ஊசி மேலே போகும்போது பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு கீழே நழுவுகிறது. கொக்கி புது நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கை மூடி, கொக்கிக்கு மேலாக வெளியே போய்விடுகிறது. நழுவிய கண்ணியைக் குரோஷா ஊசியால் ஏணிப்படி ஏணிப்படியாக மேலே ஏற்றச் சொல்லித் தருகிறோமே, அசைவு அசைவாக அதேதான். இந்த ஊசி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் வந்தது. அதற்கு முன்பே, 1589இல், வில்லியம் லீ காலுறை பின்னும் மெஷினைச் செய்துவிட்டார். அதில் நாக்கு கிடையாது, வளையும் நுனிதான். கொக்கிக்கு நாக்கு வைத்த பிறகு கண்ணி தானாகவே அதைத் திறந்து மூடத் தொடங்கியது.

இப்போது துணி. சிங்கிள் ஜெர்சி என்று அவர்கள் சொல்வதுதான் நம்முடைய ஸ்டாக்கினெட்: முன்பக்கம் முழுக்க நிட், பின்பக்கம் முழுக்க பர்ல். ஓரம் சுருளும். "மிஸ், ஏன் என் மஃப்ளர் சுருண்டுக்குது?" என்று மாணவிகள் கேட்கும் அதே சுருள் இங்கே கட்டிங் மாஸ்டரின் தலைவலி. பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருளும். ரிப் துணியில் நிட்டும் பர்லும் மாறி மாறி வருவதால் ஒரு இழுப்பு இன்னொன்றைச் சமன் செய்துவிடும், சுருளாது. அதற்கு மெஷினில் இரண்டு அடுக்கு ஊசி வேண்டும். சிலிண்டரில் நிற்பவை ஒரு பக்கக் கண்ணியையும் மேலே தட்டில் படுத்திருப்பவை மறுபக்கக் கண்ணியையும் போடும். இண்டர்லாக் என்பது இரண்டு ரிப் துணிகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டது. இரு பக்கமும் முன்பக்கம் மாதிரியே தெரியும்.

காலர் வைத்த டீ-ஷர்ட்டில் தேன்கூடு போல இருக்கும் பீக்கே துணியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சில இடங்களில் ஊசி பழைய கண்ணியைக் கழற்றாமலே புது நூலையும் வாங்கிக்கொள்கிறது. டக் என்பார்கள். நாம் ஒரு வரி கீழே இருக்கும் கண்ணிக்குள் குத்திப் பின்னினால் வருவதும் இதே குண்டுக் கண்ணிதான். லூப் நிட் துணியைத் திருப்பினால் பின்பக்கம் துண்டு மாதிரி வளையங்கள். அந்த வளையங்களைப் பிரஷ் போட்டுக் கிளப்பினால் ஃப்ளீஸ். கிளப்பும் வேலைக்கு ரைசிங் என்று பெயர், அதற்குத் தனி யூனிட்.

இதெல்லாம் நேரில் பார்த்ததும் ஒரு பழைய கேள்விக்கு விடை கிடைக்கும். வட்டமாகப் பின்னும்போது கோடு நிறம் மாற்றினால், தொடங்கிய இடத்தில் ஒரு படி ஏறி நிற்கிறது, இல்லையா? வட்டமாகப் பின்னுவது உண்மையில் வட்டம் இல்லை, திருகு. மெஷினிலும் அதே. ஆனால் நமக்கு ஒரு வரி ஏறுகிற இடத்தில் அங்கே 90 வரி ஏறும். செ.மீ.க்கு 20 வரி என்று வைத்தால், ஒரு சுற்றுக்குள் துணி நாலரை செ.மீ. ஏறிவிட்டிருக்கும். துவைத்த பிறகு பனியனின் பக்கத் தையல் முன்னால் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம், நூலின் முறுக்கு இன்னொரு பெரிய காரணம். ஒற்றை இழைக் கம்பளியில் பின்னினால் துணி சாய்கிறது என்று நாம் புலம்புவதும் அந்த முறுக்கைப் பற்றித்தான்.

ஒரு துண்டுத் துணி கேளுங்கள். ஒவ்வொரு ரகத்திலும் உள்ளங்கை அளவு. உறையில் போட்டு அங்கேயே எழுதிவிடுங்கள்: ரகம், விட்டம், கேஜ், நூல் நம்பர். அறைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால் எல்லா வெள்ளைத் துணியும் ஒரே வெள்ளைத் துணியாகிவிடும்.

காலர் யூனிட்டை விட்டுவிடாதீர்கள்

வட்ட மெஷின் பிரமாண்டம். ஆனால் கைப்பின்னல்காரர்களுக்கு உள்ளூரப் பிடிக்கப்போவது காலர் பின்னும் பிளாட் மெஷின்தான். நிட்டிங் முதலாளியிடமே "காலர் ஓட்டறவங்க பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா அண்ணா?" என்று கேளுங்கள், அவரே போன் போட்டுச் சொல்லிவிடுவார்.

இங்கே ஊசிகள் நேர்வரிசை, இரண்டு படுக்கையாகக் கூரை போல எதிரெதிரே சாய்ந்திருக்கும். மேலே ஒரு வண்டி இடமிருந்து வலம் போகும், திரும்பி வரும். போனால் ஒரு வரி, வந்தால் ஒரு வரி. நாம் ஊசி மாற்றித் திருப்பிப் பின்னும் தாளம் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

கவனிக்க வேண்டியது இரண்டு காலர்களுக்கு நடுவில் உள்ள இடம். காலர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீளப் பட்டையாக இறங்கும். நடுவே பிரிப்பதற்கென்று ஒரு தனி நூல் வரி. அதை உருவினால் காலர் தனித்தனியாக, ஓரம் குலையாமல் விழும். பின்னால் உருவிக்கொள்ள வசதியாக வேறு நிற நூலில் கண்ணி ஏற்றுகிறோமே, அதே யோசனை இங்கே ஆயிரக்கணக்கில் நடக்கிறது. இந்தப் பட்டையில் ஒரு மீட்டர் கேட்டு வாங்கி, வகுப்பில் மாணவி ஒருத்தியை அந்த நூலை உருவச் சொல்லுங்கள்.

காலர் யூனிட்டில் வேறொரு லாபமும் உண்டு. உடம்புத் துணியின் நிறத்துக்கு ஒத்துப்போகச் சிறிய அளவில் சாயம் போட்ட நூல் இங்கே ஓடும். ஆர்டர் முடிந்ததும் கோனில் மிச்சம் நிற்கும். அதை விற்பார்களா என்று கேட்பதில் தவறில்லை.

மதியச் சாப்பாடு

கொங்குச் சமையல் கிடைக்கும் மெஸ் எதற்காவது போங்கள். அரிசியும் பருப்பும் சாதம் இருந்தால் அதை விட வேண்டாம், மேலே நெய். பக்கத்து ஊத்துக்குளியின் வெண்ணெய்க்கு ஏன் அவ்வளவு பேர் என்பதும் அப்போது விளங்கும். கனமாகச் சாப்பிட்டுவிட்டு நூல் கடையில் கொட்டாவி விடாமல் இருப்பது உங்கள் சாமர்த்தியம்.

நூல் வாங்குவது

இங்கே நம் ஊர் கம்பளிக் கடையில் பேசும் மொழி செல்லாது. டபுள் நிட்டிங், ஃபோர் பிளை என்றெல்லாம் கேட்டால் விழிப்பார்கள். இங்கே நம்பர்தான். 20ஆம் நம்பர், 30ஆம் நம்பர், 34, 40. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் (நூல் கட்டு) எத்தனை வருகிறதோ அதுவே நம்பர்.

நமக்குத் தேவையான வடிவத்தில் இதைச் சுருக்கித் தருகிறேன். 1ஆம் நம்பர் நூல் என்றால் 100 கிராமுக்கு சுமார் 169 மீட்டர். எந்த நம்பரோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். 10ஆம் நம்பர் 1,690 மீட்டர், 20ஆம் நம்பர் 3,380 மீட்டர். ஸ்வெட்டருக்கு நாம் வழக்கமாகப் பிடிக்கும் டி.கே. (டபுள் நிட்டிங்) தடிமன் 100 கிராமுக்கு 200 முதல் 250 மீட்டர். ஆகவே 10ஆம் நம்பரில் 8 இழை சேர்த்தால் சரியாக அங்கே வந்து நிற்கும் (210 மீட்டர்). 20ஆம் நம்பரென்றால் 15, 16 இழை. 30, 40 நம்பர் நமக்குப் பெரும்பாலும் வீண் வேலை. லேஸ் பின்னுகிறவர்கள் மட்டும் நான்கைந்து இழை சேர்த்துப் பார்க்கலாம்.

இழை சேர்த்தால் மட்டும் போதாது. பனியன் நூல் மென்மைக்காக முறுக்குக் குறைவாக நூற்கப்பட்டது. சும்மா சேர்த்துப் பின்னினால் ஊசி இழைகளுக்கு நடுவே குத்திப் பிரித்துக்கொண்டே இருக்கும். புதிதாகக் கற்கிறவர்கள் கையில் அதைக் கொடுத்தால் பாவம், மறுவாரம் வகுப்புக்கு வர மாட்டார்கள். முறுக்கிக் கொடுக்கும் கடை அல்லது யூனிட் இருக்கிறதா என்று விசாரித்து, முறுக்கியே வாங்குங்கள். கூலி கொடுத்தாலும் தகும்.

கோம்டு, கார்டட் என்று இரண்டு ரகம் சொல்வார்கள். குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டது கோம்டு. வழவழப்பு, விலை கூடுதல். குழந்தைத் துணிக்கு அதுதான். பாத்திரம் பிடிக்கும் துணி, பை பின்னுவதற்குக் கார்டட் போதும். மொத்தக்காரர்கள் மூட்டைக் கணக்கில்தான் விற்பார்கள். ஒரு கோன், இரண்டு கோன் வேண்டுமென்றால் மிச்ச நூல் விற்கிறவர்களையே பிடிக்க வேண்டும். சாய நூலாக இருந்தால் அந்த நிறத்தில் உள்ள அத்தனையையும் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். அதே நிறம் மறுபடி கிடைக்காது. இதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வாங்கும் முன் கோனிலிருந்து ஒரு முழம் இழுத்துப் பட்டென்று அறுத்துப் பாருங்கள். எளிதாக அறுந்தால் வெகுநாள் கிடந்த சரக்கு.

காதர்பேட்டை

ஏற்றுமதியில் மிஞ்சியது, செகண்ட்ஸ் (குறை இருப்பதால் ஒதுக்கியது), உள்ளூர்ச் சரக்கு எல்லாம் சந்து சந்தாகக் குவிந்திருக்கும் இடம். பீகார், ஒடிசாத் தொழிலாளர்களும் வெளியூர் வியாபாரிகளும் சேர்ந்து வாங்குவதால் தமிழைப் போலவே இந்தியும் காதில் விழும். சில கடைகளில் ஒற்றைப் பீஸ் கொடுக்க மாட்டார்கள். கோபப்படாமல் அடுத்த கடை. வெளிநாட்டு பிராண்ட் சீட்டைப் பார்த்து மயங்காதீர்கள். நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பது துணியை, சீட்டை அல்ல.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். மேலிருந்து கீழாக ஒரே நேர்கோடு ஓடினால் அங்கே ஓர் ஊசி பழுது. ஊசி போன இடம் நெடுக்கில் தெரியும், நூல் குறை இருந்தால் குறுக்கில் பட்டையாகத் தெரியும். காலையில் மெஷினைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். துணியை எடை பார்க்க வேண்டுமென்றால், 10க்கு 10 செ.மீ. வெட்டித் தராசில் வைத்து வரும் கிராமை 100ஆல் பெருக்குங்கள். 1.6 கிராம் என்றால் 160 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம். கோடைக்கான டீ-ஷர்ட்டுக்கு அது பொருத்தமான கனம்.

கைப்பின்னல்காரர்களுக்கு இங்கே கிடைக்கும் புதையல் கிலோ கணக்கில் விற்கும் கட் பீஸ். அதிலிருந்து டீ-ஷர்ட் நூல் செய்யலாம். பக்கத் தையல் இல்லாத குழாய்த் துணியாகப் பார்த்து எடுங்கள். பழைய மாதிரிப் பனியனுக்கு அளவுக்கு ஒரு விட்டம் என்று மெஷின் வைத்து, நெஞ்சளவுக்கே குழாயாக ஓட்டுவார்கள். அதில் தையல் முடிச்சு வராது. சிங்கிள் ஜெர்சியாக இருக்க வேண்டும். குறுக்கே ஓரத்தைப் பிடித்து இழுத்தால் உடனே சுருண்டால் அதுதான். ரிப், இண்டர்லாக் எல்லாம் சுருளாமல் பட்டையாகவே நிற்கும், அவற்றை விட்டுவிடுங்கள். குழாயை இரண்டு, இரண்டரை செ.மீ. அகலத்தில் திருகாக வெட்டிக்கொண்டே போய், இரண்டு கையாலும் இழுத்துவிட்டால் உருண்டை நூலாகிவிடும். மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகச் சுருளும் என்று சொன்னேன் அல்லவா? அதனால் இந்த நூலில் வெளியே தெரிவது துணியின் பின்பக்கம். அச்சடித்த துணியில் செய்தால் அச்சு உள்ளே போய் மறைந்துவிடும். நிறம் வேண்டுமென்றால் சாயம் போட்ட துணியையே எடுக்க வேண்டும்.

ஞாயிறு

மெஷின் கூடங்கள் ஓய்ந்திருக்கும். காலையில் நஞ்சராயன் குளம் போகலாம். பறவைகள் சரணாலயம், 2024இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். கோவிலுக்குப் போகிறவர்களுக்குத் திருமுருகன்பூண்டியும் அவிநாசியும் ஒரே சாலையில் இருக்கின்றன, இரண்டுமே சுந்தரர் பாடியவை. ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிற குமரன் நினைவிடத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கொடியை விடாமல் அடிபட்டு 1932 ஜனவரி 11 அன்று இறந்தவர். சொந்த ஊர் சென்னிமலை, அதுவும் நெசவு ஊர்தான்.

நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது தண்ணீரைப் பாருங்கள். இந்த ஊரின் வண்ணங்களுக்கான விலையை வெகுகாலம் அந்த ஆறும் கீழேயிருந்த விவசாயிகளும் கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடுதான் திரும்பத் திறக்க முடிந்தது. மாணவிகளிடம் "அடர் நிறத்துக்கு ஏன் விலை கூடுதல்?" என்ற பேச்சு வரும்போது இதையும் சொல்லலாம். சாயப்பட்டறையை உள்ளே போய்ப் பார்க்கும் ஆசை இருந்தால் முதல் பயணத்தில் வேண்டாம். அனுமதி கிடைப்பது கஷ்டம், உள்ளே சூடும் அதிகம்.

மதியம் அறையில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்து அடுக்குங்கள். லென்ஸை வைத்து ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரி என்று எண்ணி உறைமேல் எழுதுங்கள். 24 கேஜ் துணியில் அங்குலத்துக்கு 30க்கு மேல் கண்ணி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மெஷினை விட்டு இறங்கியதும் துணி சுருங்கிக்கொள்கிறது. நாம் ஊசியிலிருந்து எடுத்த உடனே அளவு பார்க்காதே என்று சொல்வது இதனால்தான்.

சுமை அதிகமானால் பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டு ரயிலேறுங்கள். ஊசி, குல்லா பின்னும் நூல் மட்டும் கைப்பையில்.

முதல் வகுப்புக்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். முதல் வாரம் மூன்று பொருள் போதும்: நாக்கு ஊசி, காலர் பட்டை, ஒரு சிங்கிள் ஜெர்சித் துண்டு. எல்லோரையும் தாங்கள் உடுத்தியிருக்கும் டீ-ஷர்ட்டின் கீழ் ஓரத்தை லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். நிட் பக்கம் எது, பர்ல் பக்கம் எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அடுத்த வாரம் பீக்கேயும் ரிப்பும். மூன்றாம் வாரம் டீ-ஷர்ட் நூலில் ஒரு சின்னப் பாய், 10 அல்லது 12 மி.மீ. ஊசியில். கை வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இழுத்து உருட்டிய பருத்தித் துணி கம்பளி மாதிரி இழுபட்டுக் கொடுக்காது, கனமும் கூட.

கொண்டுவந்த துணியையும் பருத்தி நூலையும் வகுப்புக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை துவைத்துக் காய வையுங்கள். பாதி மாதிரித் துணியைத் துவைக்காமல் வைத்துக்கொண்டால், எவ்வளவு சுருங்கியது என்பதையும் நான்காம் வாரப் பாடமாக்கிவிடலாம்.